உவரா, களரா? பாலாற்றங்கரை விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை பாலாற்றை ஒட்டி விவசாயம் செய்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பலரும் ஒரே மாதிரி கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கழனியில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடலாம்? (ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒருவர்)

மூட்டைக் கணக்கு அப்புறம். முதலில் உங்கள் மண் உவரா, களரா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம். வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கும், ஆனால் தண்ணீர் கட்டினால் உள்ளே இறங்கும். இதற்கு ஜிப்சம் வேலை செய்யாது. ஜிப்சமும் ஒரு உப்புதானே? நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கி, வாய்க்கால் வழியாக வடித்துவிட வேண்டும். வடிய வழியில்லாத கழனியில் எவ்வளவு தண்ணீர் கட்டினாலும், கோடையில் அதே உப்பு மேலே வந்துவிடும்.

களர் மண்ணில் சோடியம் மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8.5-ஐத் தாண்டும். மழை பெய்தால் நாள் கணக்கில் கலங்கல் தண்ணீர் நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. இதற்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெல்லிக்காய் அளவு காய்ந்த மண் கட்டியை, பிடித்து வைத்த மழைத்தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள், கலக்காதீர்கள். மறுநாள் காலை கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் படியாமல் நின்றால் சோடியம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். போர் தண்ணீரில் செய்தால் முடிவு தவறாக வரும்.

பிறகு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ விசாரித்து, ‘ஜிப்சம் தேவை’ அளவையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் அளவில் பாதி போட்டாலே வழக்கமாகப் போதும். பரப்பி உழுது, நான்கு விரல் உயரம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் வைத்து வடித்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த பிறகு கிணற்றுத் தண்ணீரில் உப்பு குறைந்தது. ஆனால் மண் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிட்டது. நல்ல தண்ணீர் வந்தும் ஏன் இப்படி? (மேல்விஷாரம்)

டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) வரும் பச்சைத்தோல் கெடாமல் இருக்கச் சாதாரண உப்பைத்தான் பூசுகிறார்கள். அது கழிவுநீரோடு வந்து நம் மண்ணில் சோடியமாகவும் குளோரைடாகவும் சேர்ந்தது. உப்பு நிறைய இருக்கும்வரை மண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும், மண் பொலபொலவென்று தெரியும். நல்ல தண்ணீர் பாய்ந்ததும் கரையும் உப்பு கீழே போய்விடுகிறது, ஒட்டிய சோடியம் அப்படியே நிற்கிறது. துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. உவரும் களருமாக இருந்த மண் முழுக் களராகிவிட்டது. உங்கள் மண்ணில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும், பி.எச். பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்து மண்ணில் பலரும் கவனிக்காத விஷயம் இது. இப்படிப்பட்ட நிலத்தில் முதலில் ஜிப்சம், பிறகுதான் தண்ணீர் தேக்கி வடிப்பது. வரிசை மாறினால் உழைப்பும் வீண், மண்ணும் கெடும். அடுத்த பருவமழைக்கு முன்பே ஜிப்சத்தைப் போட்டு உழுது வைத்துவிட்டால், மழையே மீதி வேலையைச் செய்யும்.

போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர் போட்டால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்கு. டிரிப்பருக்கு நேர் கீழே உப்பு குறைவாக இருக்கும். ஈரம் முடிகிற ஓரத்தில் வெள்ளை வளையமாகச் சேரும். தூறல் போட்டால் அந்த வளையம் கரைந்து வேருக்கு வரும். அதனால் சின்ன மழை பெய்யும்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வேரிடம் உப்பு வராமல் தள்ளி நிற்கும். தெளிப்பு நீர் மட்டும் வேண்டாம், இலை நுனி கருகும். உரத்தில், முடிந்தால் மியூரியேட் ஆஃப் பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். முதலாவதில் குளோரைடு இருக்கிறது, அது நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இலவம்பாடி முள் கத்திரி போடலாம் என்று ஆசை. தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 1,500. வருமா?

கத்திரி உப்பை அதிகம் தாங்காது. இந்தத் தண்ணீரில் செடி பிழைக்கலாம், காய் குறையும். நாற்றங்காலுக்கும் நட்ட முதல் சில வாரங்களுக்கும் ஏரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைத்தால் மட்டும் சிறிய பரப்பில் முயலுங்கள். பாரின் (மேட்டு வரிசையின்) உச்சியில் நடாதீர்கள், உப்பு ஏறிச் சேருகிற இடம் அதுதான். பக்கச் சரிவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள்.

வருமானம் முக்கியம் என்றால் பருத்தியும் சோளமும் இதைவிட நன்றாகத் தாங்கும். வெங்காயம், பீன்ஸ் பக்கம் போகவே வேண்டாம். களர் நிலத்தில் நெல்தான் என்றால் களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்கின்றன. முதிர்ந்த நாற்றாக, குத்துக்கு மூன்று நான்கு வைத்து நெருக்கி நடுங்கள்.

தென்னைக்குக் கல்லுப்பு வைக்கிறார்கள், நானும் வைக்கலாமா?

உங்கள் தண்ணீரே வைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம்.

டேனரிக் கழிவுச் சேற்றை இலவச எரு என்று கொண்டுவந்து கொட்டுகிறேன் என்கிறார்கள்.

ஒரு கூடைகூட வாங்காதீர்கள். உப்போடு குரோமியமும் இருக்கும். உப்பையாவது தண்ணீரால் இறக்கலாம், குரோமியம் மேல் மண்ணிலேயே தங்கிவிடும்.

நிலம் கெட்டது எங்களால் இல்லை. செலவு மட்டும் எங்களுடையதா? (பேரணாம்பட்டு)

நியாயமான கோபம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல், டேனரி மாசு பற்றிய வேலூர் வழக்கில்தான் சொன்னது. 2025 ஜனவரி 30 தீர்ப்பிலும் இழப்பீட்டையும் பாலாற்றைச் சீர்செய்வதையும் வலியுறுத்தியது. ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் ஆதாரம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலும், தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையைப் பட்டா நகலோடு சேர்த்து வையுங்கள். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, நிரப்பி, தேதியும் சர்வே எண்ணும் எழுதி ஒட்டுங்கள். மண் மாதிரிக்கு மேலே பூத்த உப்பைச் சுரண்டாதீர்கள். அதை ஒதுக்கிவிட்டு ‘வி’ வடிவத்தில் அரையடிக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள்.