பனி நினைவுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிப் பருவமும் முதல் வேலையும் பனி கொட்டும் ஊர்களில் கழிந்தன. அந்தக் குளிர்காலங்களை எழுத உட்கார்ந்தால் ‘எங்கும் வெண்மை, எங்கும் அமைதி’ என்பதற்கு மேல் நகர மறுக்கிறது. சிறு வயதில் முழங்கால் வரை பனி கிடந்ததாக நினைவு. இப்போது அப்படி விழுவதில்லை. நினைவு பொய் சொல்கிறதா?

அன்புள்ள நண்பருக்கு,

முழங்காலிலிருந்தே தொடங்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கால் தரையிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. உயரத்தில் இருக்கும். வளர்ந்தவருக்கு அது 50 செ.மீ. அன்றைய முழங்கால் பனி இன்று உங்கள் கெண்டைக்காலோடு நின்றுவிடும். ஆனால் எல்லாவற்றையும் உயரத்தின் மேல் போட்டுவிட முடியாது. வட அரைக்கோளத்தில் வசந்தகாலப் பனிப்பரப்பு சுருங்கி வருவதைச் செயற்கைக்கோள்கள் 1960களின் இறுதியிலிருந்து காட்டிவருகின்றன. உங்கள் ஊரின் பழைய வானிலைப் பதிவு கிடைத்தால் பாருங்கள். அதில் அன்று விழுந்த பனி வேறு, தரையில் கிடந்த ஆழம் வேறு. விழுந்தது ஓரிரு நாளிலேயே அமுங்கிவிடும் என்பதால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அமைதி உண்மைதான், ஆனால் அது புதுப்பனிக்கு மட்டுமே உரியது. அதில் பெரும்பகுதி காற்று. இடுக்குகள் ஒலியை உறிஞ்சிவிடும். உருகி மறுபடி உறைந்து மேலே ஓடு கட்டிவிட்டால் ஒலி பட்டுத் திரும்பும். குளிர்காலம் முழுக்க அமைதி என்று எழுதினால் பனியில் வாழ்ந்தவர் நம்ப மாட்டார்.

காலடிச் சத்தத்தைக் கவனியுங்கள். சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசி நொறுங்கி நறநறக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் துகள்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், சத்தம் வராது. பனிப்பந்து பிடிக்க வருவது அந்த ஈரப்பனிதான். கடுங்குளிரின் பொடிப்பனி கையில் உதிர்ந்துவிடும். பந்தெறிந்து விளையாடிய அதே நேரத்தில் காலடியும் நறநறத்தது என்று எழுதினால் இரண்டில் ஒன்று தவறு. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் பனித்துளி, மூடுபனி, உறைபனி எல்லாவற்றையும் சுமக்கிறது. அதனால் பொடியா, ஈரமா, ஓடு கட்டியதா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போன ஆண்டுகளை எடையில் எழுதலாம். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளமுள்ள நடைபாதையில் 10 செ.மீ. புதுப்பனி என்றால் தோராயமாக 100 கிலோ. ஈரமானால் இரட்டிப்பாகும். அள்ளி முடித்த பிறகு பனி தள்ளும் வண்டி வந்து வாசலில் அணைபோல் குவித்துவிட்டுப் போகும். அமுங்கிய பனியாதலால் அதுதான் இடுப்பை ஒடிக்கும். மைனஸ் 10க்குக் கீழே, பாதையில் பனியை உருக்கத் தூவும் சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. வழுக்காமலிருக்க மணல்தான் தூவ வேண்டும். மைனஸ் 18இல் கார் பேட்டரியின் திறன் ஏறக்குறையப் பாதியாகும், எஞ்சின் ஆயிலோ கெட்டியாகிவிடும். சாவியைத் திருப்பினால் வரும் அந்த இழுவையான முனகல் இதனால்தான்.

அலுவலகத்தில் ஷூ காய்ந்ததும் அதன் தோலில் வெள்ளையாய் ஓர் உப்புக்கோடு தெரியும். தண்ணீரும் வினிகரும் சம அளவில் கலந்து துணியால் துடைத்தால் போகும். வினிகர் வாடை மட்டும் கொஞ்ச நேரம் மேசைக்கடியில் நிற்கும்.