தம்பிக்கு அடிக்காத மணி

கேள்வி: கடன் தொல்லையாலும் நெடுநாள் மனச்சோர்வாலும் துவண்டிருந்த என் தம்பி சென்ற ஆண்டு தற்கொலை செய்துகொண்டான். ‘இப்படி இறந்தவனுக்குக் கோவில் மணி அடிக்கக் கூடாது, உடலை உள்ளே கொண்டுவரக் கூடாது, அதுதான் சட்டம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பங்குத்தந்தை அன்று ஊரில் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக, செபம் ஏதுமின்றி அடக்கம் செய்தோம். ‘என் பிள்ளை நரகத்திலா இருக்கிறான்?’ என்று அம்மா இரவெல்லாம் கேட்கிறார். சட்டம் உண்மையில் அப்படித்தானா? இரக்கத்துக்காகச் சட்டத்தைத் தளர்த்தினால் உயிரின் மதிப்பு குறைந்துவிடாதா என்ற கேள்வியும் எனக்குள் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அதைத் தாங்களாகக் கற்பனை செய்து சொல்லவும் இல்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றே கூறியது. ஆனால் அந்தச் சட்டமும் இறப்பதற்கு முன் மனம் வருந்தியதற்கு அடையாளம் காட்டியவர்களை விலக்கவில்லை. மனமறிந்துதான் செய்தாரா என்ற ஐயம் எழுந்தால் ஆயரைக் கேட்க வேண்டும், அதன் பிறகும் ஐயம் நீங்கவில்லை என்றால் அடக்கத்தை மறுக்கக் கூடாது என்றது. உங்கள் தம்பியின் மனச்சோர்வை அறிந்த எவருக்கும் அந்த ஐயம் எழுந்திருக்கும். ஆகவே அன்று உங்கள் ஊரில் நடந்தது, பழைய சட்டத்தையும் மீறிய கடுமை. 1983இல் வெளிவந்த புதிய தொகுப்பில், அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்களைக் குறிப்பிடும் 1184ஆம் சட்டத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள் சேர்க்கப்படவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. கி.பி. 561இல் இன்றைய போர்ச்சுகலிலுள்ள பிராகா நகரில் கூடிய ஆயர்கள் சங்கமே இவ்வாறு இறந்தவர்களுக்குத் திருப்பாடல்கள் பாடி அடக்கம் செய்வதைத் தடுத்தது என்றால், அதற்குப் பின்னால் ஓர் அக்கறை இருந்தது: உயிர் கடவுள் தந்தது, அதை முடித்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. இந்தப் போதனை இன்றும் மாறவில்லை, மாறவும் கூடாது. ஆனால் ஒரு சட்டம் எதைக் காக்கப் பிறந்ததோ அதையே அது நசுக்கத் தொடங்கும்போது என்ன செய்வது என்பதற்கு லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பதினெட்டு ஆண்டுகள் கூனியாக நிமிர முடியாமல் இருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். வேலை செய்ய ஆறு நாள்கள் இருக்கின்றனவே, அந்த நாள்களில் வந்து குணம் பெறலாமே என்று தொழுகைக்கூடத் தலைவர் சினக்கிறார். இயேசு ஓய்வுநாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓய்வுநாளிலும் உங்கள் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, கட்டுண்டிருந்த இவளை அவிழ்த்துவிட வேண்டாமா என்று கேட்கிறார். விவிலியத்தின் இணைச்சட்ட நூல் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணமே, எகிப்தில் அடிமைகளாக இருந்த உங்களைக் கடவுள் மீட்டார், எனவே உங்கள் பணியாளரும் கால்நடைகளும்கூட இளைப்பாறட்டும் என்பதுதான். விடுதலையை நினைவுகூரும் நாளில் ஒரு பெண்ணை விடுவித்தவர் சட்டத்தைத் தளர்த்தவில்லை; அதன் வேருக்குப் போனார்.

உங்கள் வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். உயிரைக் காக்கவென்று பிறந்த ஒழுங்கு, உயிரோடிருக்கும் ஒரு தாயை உறங்கவிடாமல் வாட்டுமானால், அது தன் வேரை இழந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகச் சொல்கிறது. இவ்வாறு இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்கள் மனம் திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்றும் அது தொடர்கிறது. அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். எத்தனையோ பேரைப் புனிதர்கள் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. திருச்சபை சொல்லாத தீர்ப்பை ஓர் ஊர் சொல்ல முடியாது.

அம்மா ஓராண்டாக உறங்காமல் இருப்பதைப் பக்தியாலோ பொறுமையாலோ சமாளிக்க வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கோ அவருக்கோ மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசலாம்.

அடக்கம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று தயங்காதீர்கள். பங்குத்தந்தையை நேரில் பார்த்து நடந்ததை அப்படியே சொல்லி, தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் கல்லறையை மந்திரித்து ஆசீர்வதிக்கவும் கேளுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும்போது ஓரத்திலிருக்கும் அந்தக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அன்று தடுத்த பெரியவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களும் தாங்கள் கற்ற ஒரு பழைய பாடத்துக்கு உண்மையாக இருப்பதாக நினைத்துத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். திருப்பலி நாளில் கோவில் மணியையும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.