ஆய்வா, போராட்டமா என்று துறைத்தலைவர் கேட்டால்

கேள்வி: நான் உதவிப் பேராசிரியர். ஒரு ஆலையைச் சுற்றிக் குடியிருக்கும் மக்களோடு சேர்ந்து இரண்டு வருடமாகக் கிணற்று நீரைப் பரிசோதிக்கிறேன். ஆலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் புகார் போயிருக்கிறது. "இது ஆய்வா, போராட்டமா?" என்று துறைத்தலைவர் கேட்டார். கல்விச் சுதந்திரம் என்னைக் காப்பாற்றுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஆய்வு செய்யவும் முடிவை வெளியிடவும் உயர்கல்வி ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு என்று யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. ஆனால் அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கைகொடுக்கும்.

துறைத்தலைவரிடம் வாயால் பதில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். "நீங்கள் கேட்டது இது, நான் சொன்னது இது" என்று மரியாதையாக நாலு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அப்புறம், ஆண்டறிக்கையில் இந்த வேலையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினீர்கள்? 'சமூக சேவை' என்று போட்டிருந்தால், இது ஆய்வுதான் என்ற வாதத்தை நீங்களே பாதி விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். நீர் மாதிரி எடுத்த முறை, ஆய்வகப் பதிவேடு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, இவைதான் உங்கள் சாட்சி. சில கிணறுகள் சுத்தமாக இருந்தால் அதையும் வெளியிடுவோம் என்று மக்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் அறிக்கை வந்த பிறகு பேசினால் சண்டையில் முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: ரகசியம். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட ஆயுதக் குழுவினரின் நினைவுகளைப் பதிவு செய்தது. உயிரோடு இருக்கும்வரை எதுவும் வெளியே போகாது என்று நம்பித்தான் அவர்கள் பேசினார்கள். 2011இல் பிரிட்டன் தரப்பு கேட்டதன்பேரில், அந்த ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்காவில் சட்டபூர்வ உத்தரவு வந்தது. வழக்காடியும் நாடாக்களில் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. உங்கள் ஒப்புதல் படிவத்தில் "பெயர் ஒருபோதும் வெளிவராது" என்று இருக்கிறதா? "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்று திருத்துங்கள். அதைவிட நல்லது, ஆலைக்குள் வேலை பார்த்துக்கொண்டே தகவல் தருபவரின் பெயரை எழுதாமலே இருப்பது. ஆனால் பதிவுகளைக் கேட்டுச் சட்ட நோட்டீஸ் வந்தபின் எதையும் அழிக்கக் கூடாது, அது தனிக் குற்றமாகிவிடும்.

சரி, நோட்டீஸே வந்துவிட்டால்? பல்கலைக்கழகத்தின் வக்கீல் பல்கலைக்கழகத்துக்குத்தான் வக்கீல். உங்களுக்கென்று யார் வருவார் என்று ஆசிரியர் சங்கத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.