பம்பரம் இருக்கு, கூட விட ஆள் எங்க?

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டு வந்தா போன்தான், பிடுங்குனா அழுது ரகளை பண்றான். நானெல்லாம் நொண்டி, தட்டாங்கல்லுன்னு தெருவுலயே கிடந்தேன். ஆசையா பம்பரம் வாங்கிக் குடுத்தேன், ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுட்டான். போனை மொத்தமா நிறுத்திடட்டுமாக்கா? - வாசகி, மதுரை

பதில்: பம்பரம் சரி தங்கச்சி, அவன் யாரோட விடுவான்? ஹால்ல தனியா சாட்டையைச் சுத்தி விட்டா டைல்ஸ்ல வழுக்கி சோபாவுக்கு அடியில போயிடும், ஆக்கர் குத்த வட்டத்துக்குள்ள இன்னொரு பம்பரம் இல்ல, அப்பீட்டு எடுக்கப் போட்டிக்கு ஆளில்ல. நம்மளத் தெருவுக்கு இழுத்தது தட்டாங்கல்லு இல்லம்மா, அங்க இருந்த கூட்டம்.

சா பூ த்ரி போட்டு ஆள் பிரிப்போம், முள்ளு குத்திடுச்சுன்னு ஒருத்தி டைம்ப்ளீஸ் சொன்னா மொத்த ஆட்டமும் நிக்கும், அழுகுணி ஆட்டம் ஆடுனா சண்டை போட்டு டூ விட்டு அரைமணில பழம் விட்ருவோம். அக்கா பின்னாடியே வர்ற மூணு வயசுத் தம்பி ஒப்புக்குச் சப்பாணி, அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது, ஆனா ஆட்டத்துல அவனும் உண்டு. இதெல்லாம் எந்தப் பெரியவங்களும் சொல்லிக் குடுக்கல. போன் கேம்ல ரூலும் தீர்ப்பும் அதுவே சொல்லிடுது, பேசித் தீர்த்துக்க பிள்ளைகளுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல, எனக்கு வருத்தமே அதுலதான்.

பையனைத் திட்டாதீங்க. காலி மனையெல்லாம் வீடாயிடுச்சு, தெரு பூரா வண்டி, பயந்துபோய் உள்ளயே வெச்சு கையில போனைக் குடுத்ததும் நாமதானே.

அதனால மொதல்ல அவன் வயசுல ரெண்டு பசங்களத் தேடுங்க. அவங்க அம்மாக்கள்ட்ட பேசி சாயங்காலம் 5 மணிக்கு மாடியோ பார்க்கோ ஒரு இடம் முடிவு பண்ணுங்க. 5 வயசுல இருந்து 17 வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, பகல் வெளிச்சத்துல ஆடுற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பும் குறையும். தள்ளி உக்காந்து பாருங்க, சண்டை வந்தா ஓடிப்போய் பஞ்சாயத்து பண்ணாதீங்க, அடிதடி ஆனா மட்டும் போங்க. மழை நாளுக்குப் பல்லாங்குழி இருக்கு, 14 குழி, கொஞ்சம் புளியங்கொட்டை, குழியில நாலு சேர்ந்ததும் பசுன்னு அள்ளுறப்ப அவன் முகத்தைப் பாருங்க.

போனை மொத்தமா நிறுத்த வேணாம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அரைமணி குடுங்க, ஆனா நடு ஆட்டத்துல பிடுங்காதீங்க, தாயத்துல ஜெயிக்கப் போற நேரம் அம்மா கூப்பிட்டா நமக்கு எப்படி இருந்துச்சு?

மொத வாரம் போரடிக்குதுன்னு ரெண்டு மூணு தடவை பாதியில வீட்டுக்கு ஓடி வருவான். தண்ணி குடுத்து திரும்ப அனுப்பி வைங்க.