இரண்டு கிலோவா, இரண்டரை கிலோவா?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஏழு வருடமாக சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை, கையில் 14,000 வருகிறது. வீட்டை ஒட்டி இருக்கிற இடத்தில் மரச்செக்கு போடலாம் என்று ஆசை. மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி (புதுத் தொழிலுக்கு மத்திய அரசு மானியத்தோடு வருகிற வங்கிக் கடன்) கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்டார்கள். ஒரு ஆடிட்டர் ஆபீசில் 3,000 ரூபாய் கொடுத்து 24 பக்கம் வாங்கிவிட்டேன். மொத்தம் 8 லட்சம் திட்டம், முதல் வருடமே 4,10,000 லாபம் என்று இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே நம்பிக்கை வரவில்லை. இணைத்திருக்கிறேன். அப்படியே கொடுத்துவிடலாமா, நானே எழுத வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

24 பக்கத்தையும் படித்தேன். முதல் ஆறு பக்கம் இந்தியாவில் சமையல் எண்ணெயின் எதிர்காலம் பற்றி. அதை எந்த மேனேஜரும் படிக்கப் போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். 11-ம் பக்கத்துக்கு வாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மல்லாட்டைப் (நிலக்கடலை) பருப்பு 2 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். மரச்செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ போட்டால்தான் ஒரு லிட்டர் வரும், பருப்பு நயமாக இருந்தால் கொஞ்சம் குறையும், சொத்தையும் ஈரமுமாக இருந்தால் கூடும். அரை கிலோதானே என்று தோன்றும். அவர்கள் போட்ட விலையிலேயே பார்ப்போம். பருப்பு கிலோ 120, ஆகவே லிட்டருக்கு 60 ரூபாய் அதிகச் செலவு. பருப்பு கூடினால் புண்ணாக்கும் கூடும், அதில் ஒரு 16 ரூபாய் திரும்பி வரும். மிச்சம் 44. தினம் 24 லிட்டர், வருடம் 312 நாள் என்கிறது அறிக்கை. பெருக்கினால் 3,29,472. உங்கள் 4,10,000 லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் அந்த அரை கிலோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மீதி 80,000-த்தை மழை பார்த்துக்கொள்ளும். 312 நாள் என்றால் மாதம் 26 நாள், ஐப்பசி கார்த்திகையிலும் 26 நாள். கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். பருப்பு காய வேண்டும், ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட வேண்டும், இரண்டுக்கும் அந்த மாதங்களில் வெயில் கிடையாது, மோட்டாருக்குக் கரண்டும் நிச்சயமில்லை.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நானே எழுதியிருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்தேன், பலருக்குத் தெரியாது. அதற்கு நான் போட்ட திட்டத்தில் டிசம்பர்தான் நல்ல மாதம், அரையாண்டுப் பரீட்சை, ரெக்கார்டு நோட்டு என்று கணக்கு. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பேப்பர் பண்டல் எல்லாம் ஊறிப்போய் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது, கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்பதை எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனால் கடையை மூட வைத்தது புயல் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டு பைண்ட் பண்ணிக் கொடுத்தேன், பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது, அந்த ஐந்து மாதமும் வாடகை, பேப்பர், பையன் சம்பளம் எல்லாம் வட்டிக்கு வாங்கி. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் நான் லாபத்தில்தான் இருந்தேன்! கல்லாவில்தான் காசு இல்லை.

அதனால் என் யோசனை இதுதான். வங்கிக்கு அவர்கள் கேட்கிற வடிவத்தில் ஒன்று வேண்டும், அதற்கு இந்த 24 பக்கமே போதும், எண்களை மட்டும் திருத்தி வாங்குங்கள், 3,000 வாங்கினவர்கள் திருத்தித் தரத்தான் வேண்டும். உங்களுக்கென்று ஒன்றை நீங்களே எழுதுங்கள், நீளமான கணக்கு நோட்டில் ஒரே ஒரு பக்கம். குறுக்கே பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு மாதத்துக்குக் கீழும் முதல் தேதி கையில் என்ன இருக்கும், அந்த மாதம் நிஜமாகவே கைக்கு வரும் பணம் எவ்வளவு, போகும் பணம் எவ்வளவு. விற்றது வேறு, வந்தது வேறு. மளிகைக் கடைகள் 'பில் டு பில்' என்பார்கள், அதாவது அடுத்த சரக்கு இறக்கும்போதுதான் போன சரக்குக்குக் காசு. நீங்களோ விருத்தாசலம் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) மூட்டையை ரொக்கத்துக்கு எடுக்க வேண்டும். தினம் 60 கிலோ என்றால் 7,200 ரூபாய், 25 நாள் சரக்கு கையில் வேண்டுமென்றால் 1,80,000. அறிக்கையில் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கி அன்றாடம் ஓட்ட வேண்டிய பணம் என்று 60,000 போட்டிருக்கிறார்கள், எட்டு நாளைக்கு மேல் செக்கு ஓடாது. உங்கள் நோட்டில் எந்த மாதம் கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அதைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அதிகபட்சம் எவ்வளவு கீழே போகிறது என்பதுதான் நீங்கள் வங்கியில் நடைமுறை மூலதனமாகக் கேட்க வேண்டிய தொகை.

மானியத்தை அந்தப் பக்கத்தில் வரவாக எழுதிவிடாதீர்கள். கிராமப்புறத்துப் பெண் என்பதால் உங்களுக்கு 35 சதவீதம், 2,80,000. உங்கள் கைக்காசு 5 சதவீதம், 40,000. சரி, ஆனால் அந்த 2,80,000 உங்கள் கைக்கே வராது, வங்கியில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடந்து அப்புறம் கடனில் கழியும். அதை வைத்து ஒரு மூட்டை மல்லாட்டை வாங்க முடியாது.

அப்புறம் உங்கள் சம்பளம் எங்கே? 24 பக்கத்திலும் தேடினேன். ஆள் கூலி இருக்கிறது, மெஷின் தேய்மானம் இருக்கிறது, உங்களுக்கு ஒரு ரூபாய் இல்லை. இப்போது வீட்டுக்கு வருகிற 14,000-த்தைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டு மிச்சத்தை லாபம் என்று சொல்லுங்கள்.

விற்பனையைப் பற்றி அறிக்கை சொல்வது "பாண்டிச்சேரி ஹோட்டல்கள், ஆர்கானிக் கடைகள் 60 சதவீதம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பாண்டிக்கு பஸ்ஸில் போகிற நமக்கு ரெட்டிச்சாவடி தாண்டி புதுச்சேரி எல்லையில் முள்ளோடை வருவது ஒரு நிறுத்தம், ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்றால் வருடம் 40 லட்சம் வரை பதிவு இல்லாமல் ஓட்டலாம், எல்லை தாண்டிக் கடைக்கு அனுப்பினால் முதல் டப்பாவிலிருந்தே பதிவு வேண்டும். காம்போசிஷன் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற முறை) என்று யாராவது சொன்னால் அதிலும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ரிட்டர்ன், அதற்கு ஒரு ஆளுக்குப் பணம். இதெல்லாம் செய்யக்கூடாததில்லை, ஆனால் நோட்டில் இருக்க வேண்டும். முதல் வருடம் பாண்டியை விட்டுவிடுங்கள் என்பேன்.

உள்ளூரில் முடியுமா? மாதம் 624 லிட்டர். ஒரு வீட்டுக்கு மூன்று லிட்டர் என்றால் 208 வீடு. நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், உங்கள் கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிற கூட்டம் என்று எழுத ஆரம்பியுங்கள், பெயர் பெயராக. 40 பேரில் பேனா நின்றுவிட்டால் உங்கள் செக்கு தினம் 24 லிட்டர் ஆட்டாது, 5 லிட்டர்தான் ஆட்டும், அதற்கு எதற்கு 8 லட்சம்?

ஆடிட்டர் விட்டுவிட்ட ஒன்றுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கூலிக்கு ஆட்டுவது. அறுவடை முடிந்தால் உங்கள் ஊரில் யார் வீட்டிலும் நாலு மூட்டை மல்லாட்டை கிடக்கும், எள் கிடக்கும், கொப்பரை கிடக்கும். அவர்களே கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போவார்கள். சரக்குக்குக் காசு போட வேண்டாம், பாக்கி நிற்காது, கூலி அன்றைக்கே. லாபம் கம்மிதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு கட்டத்தில் சிவப்பு வட்டம் விழுகிற மாதங்களை இது தாங்கிப் பிடிக்குமா என்று போட்டுப் பாருங்கள்.

வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை 15 கிலோ பருப்பு வாங்கி, பக்கத்தில் எங்காவது செக்கில் கொடுத்து, கூடவே நின்று ஆட்டி வாங்குங்கள். எத்தனை லிட்டர், எத்தனை கிலோ புண்ணாக்கு, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். லேபில் ஏழு வருடம் எடை போட்ட கை, உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெயைத் தெளிந்த பிறகு அளங்கள், கசடோடு அளந்தால் அரை லிட்டர் பொய் சொல்லும். அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.