புழல் கோட்டையும் பன்னிரண்டு கோட்டையும்

சுவடிப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

(முப்பத்தொரு ஆண்டு ஏடு படித்துப் படியெடுத்து ஓய்வு பெற்ற திருவல்லிக்கேணிவாசி பதில் சொல்கிறார்.)

புழலில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். புழல் என்றதும் பிள்ளைகள் சிறையைச் சொல்கிறார்கள், விட்டால் ஏரியைச் சொல்கிறார்கள். இங்கே ஒரு காலத்தில் கோட்டை இருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வெறும் கதையா, எழுத்தில் ஏதாவது உண்டா?
– ஆசிரியை, புழல்

எழுத்தில் உண்டு, அம்மா. கதையும்தான். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் நான் ஏடு படித்த காலத்தில் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்துக்குள் இருந்தது. கடற்காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துக்கொண்டுதான் படிப்போம். குறும்பர் கைபீதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். கைபீது என்றால் ஓர் ஊரைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதி வாங்கிய விவரம். கர்னல் காலின் மெக்கன்சி இருநூறு ஆண்டுகளுக்கு முன் திரட்டியவற்றில் இது ஒன்று. மூலத் தாள்கள் பொடிந்துகொண்டிருந்ததால் நூலகத்தார் பின்னாளில் புதுத் தாளில் படியெடுத்து வைத்தார்கள். என் கைக்கு வந்தது அந்தப் படி.

அதில் உள்ள செய்தி இது. தொண்டைமண்டலத்தைக் குறும்பர்கள் இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள். அவர்களுடைய தலைமைக் கோட்டை புழலில் இருந்தது. சமண முனிவர் ஒருவர் வந்து அவர்களைத் தம் சமயத்தில் சேர்த்தார். சோழன் மகன் ஆதொண்டன் (தொண்டைமான் என்பதும் இவனைத்தான்) படையெடுத்து வந்து முதலில் தோற்றுப் பின்வாங்கினான். அவன் பின்வாங்கித் தங்கிய இடம் சோழன்பேடு. பிறகு இறைவன் அருளால் திரும்பப் போய்க் கோட்டையைப் பிடித்தான்.

சோழம்பேடு என்ற பெயரை அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கம் போகிறவர்கள் இன்றும் பெயர்ப்பலகையில் படிக்கலாம். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. குறும்பர் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்பது தலபுராணம். புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இருப்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றி இந்த மூன்று இடத்தையும் காட்டிவிடுங்கள்.

ஆனால் இதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள். ஆதொண்டனைக் குலோத்துங்கன் மகன் என்கிறது கைபீது. முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070இல். பல்லவன் அபராஜிதனை வென்று சோழர்கள் தொண்டை நாட்டை எடுத்துக்கொண்டது அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்பே. தன் வீட்டுக்குள் தானே படையெடுத்து நுழைவானா? இன்னொன்றும் இருக்கிறது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிக் கட்டிப்போட்ட கதையைச் சுந்தரர் தம் திருமுல்லைவாயில் பதிகத்திலேயே பாடிவிட்டார். சுந்தரர் பல்லவர் காலத்தவர். ஆகவே கதை பழையது, குலோத்துங்கன் பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. ஊர்க் கதைக்கு ஒரு பெரிய ராஜா வேண்டியிருக்கிறது. அகப்பட்ட பெயரைப் போட்டுக்கொள்கிறது.

அப்படியானால் கைபீது எதற்கு உதவும்? 1800களின் தொடக்கத்தில் புழல்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்தக் கைபீதுகளின் சுருக்கத்தைப் பேராசிரியர் டி. வி. மகாலிங்கம் பதிப்பித்திருக்கிறார். தமிழ், மலையாளப் பகுதி 1972இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் தேடிப் பாருங்கள்.

மெக்கன்சிக்குத் தமிழ் தெரியுமா? தெரியாமல் எப்படி இவ்வளவு சேர்த்தார்?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

தெரியாது. தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதமும் தெரியாது. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே ஒரு தீவில் பிறந்து, 1783இல் சென்னைக்கு வந்த பொறியாளர். நிலம் அளப்பதுதான் அவருடைய தொழில். 1810இல் சென்னை மாகாணத்தின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1815இல் இந்தியா முழுவதற்கும். சங்கிலி போட்டு ஊரை அளக்கப் போன இடத்தில் ஊரின் கதையையும் எழுதி வாங்கினார். தம் கைக்காசையும் தாராளமாகச் செலவழித்தார்.

வாங்கியவர் அவர். வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று கேளுங்கள். ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இளைஞர்தான் முதலில் வழி திறந்துவிட்டார். முப்பது வயதுக்குள், 1803இல் இறந்துபோனார். அவருடைய தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்து கடைசிவரை நடத்தினார். இவர்களுக்குக் கீழே நித்தல நாயனா, நாராயண ராவ், ஆனந்த ராவ், அப்பாவு என்று ஊர் ஊராக நடந்தவர்கள் இருந்தார்கள். இன்ன தேதிக்கு இன்ன ஊர் போனேன், மணியக்காரர் வரவில்லை, கோயில் ஐயர் ஏட்டைக் காட்ட மறுத்தார் என்கிற ரீதியில் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்கள். மானிய நிலத்தைப் பறிக்கத்தான் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆள் அனுப்பியிருக்கிறது என்று ஊரார் பயந்தார்கள். பயந்தது தப்பும் இல்லை.

மெக்கன்சி 1821இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குக் கும்பினி அத்தனையையும் வாங்கியது. எச். எச். வில்சன் 1828இல் போட்ட அட்டவணையில் இலக்கியச் சுவடிகள் மட்டும் 1,568, ஊர் விவரங்கள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076. ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது. தென்னாட்டு மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அரைகுறையாக நின்ற வேலையை நானே முடித்துத் தருகிறேன் என்று லட்சுமய்யா அரசுக்கு விண்ணப்பம் போட்டார். இருபது ஆண்டு அதே வேலையில் தேய்ந்தவர். விண்ணப்பம் கல்கத்தா ஆசியக் கழகத்துக்குப் போயிற்று. 1836இல், இதை மேற்பார்வை பார்க்கும் தகுதி ஓர் இந்தியருக்குப் போதாது என்ற கருத்தோடு திரும்பி வந்தது. வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போயிற்று. டெய்லரின் அட்டவணையை நானும் நூறு முறை புரட்டியிருக்கிறேன், பயன்பட்டதை மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கும் சில பிழைகளை லட்சுமய்யா தூக்கத்தில்கூடச் செய்திருக்கமாட்டார்.

தாமஸ் ஹிக்கி 1816இல் தீட்டிய ஓர் ஓவியம் லண்டனில் இருக்கிறது. சிவப்புக் கோட்டுடன் மெக்கன்சி நடுவில் நிற்கிறார், அவரைச் சுற்றி மூன்று இந்தியர்கள். அச்சில் அகப்பட்டால் அந்த மூவரின் முகத்தை முதலில் பாருங்கள்.

ஏட்டெழுத்துப் படிக்க எத்தனை நாள் ஆகும்?
– வாசகர், பெரம்பூர்

எழுத்து மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும். படிக்க வருவதற்குத்தான் ஆயுள் போகிறது. ஏட்டில் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். குறில் கொம்பு, நெடில் கொம்பு வேறுபாடும் இல்லை. கொடியும் கோடியும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ‘ஊருக்கு மேற்கே பெரிய எரி’ என்று படித்து, ஏதோ தீ விபத்து என்று குறிப்பே எழுதிவிட்டேன். என்னைப் பழக்கிய பெரியவர் அடுத்த வரியில் விரலை வைத்தார். மீன்பாசிக் குத்தகை. ‘தீயிலே மீன் பிடித்தார்களா தம்பி?’ என்று கேட்டுவிட்டுப் பொடி போடப் போய்விட்டார்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தாவின் பெட்டியில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. முதல் ஏட்டில் ‘விரோதி வருஷம் ஆனி மாதம்’ என்று இருக்கிறது. அதற்கு முன் ‘சூசுயச’ என்று ஒரு சொல். பீஜ மந்திரமா? உள்ளே எங்கள் முன்னோருக்கு ‘பன்னிரண்டு கோட்டை’ இருந்ததாக வருகிறது. நாங்கள் பாளையக்காரர் வம்சமா?
– ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், நங்கநல்லூர்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுத்துக்கு எழுத்து ஒழுங்காக எழுதி அனுப்பியதால்தான் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் மந்திரம். அது ௲௬௰௪. ஆயிரத்துக்கான குறி சூ போல இருக்கும், ஆறு சு போல, பத்து ய போல, நான்கு ச போல. ஆயிரம், ஆறு பத்து, நான்கு, அதாவது 1064. திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டு, அதாவது கேரளத்தில் வழங்கும் ஆண்டுக் கணக்கு, போட்டுத்தான் எழுதுவார்கள். அங்கே ஆவணி முதல் தேதி ஆண்டு பிறக்கும். ஆகவே ஆனி மாதத்துக்கு 825 கூட்டிக்கொள்ளுங்கள், 1889 வருகிறது. விரோதி வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1769, 1829, 1889, 1949. இரண்டு கணக்கும் 1889இல் சந்திக்கின்றன. வெறும் ‘விரோதி’ மட்டும் இருந்திருந்தால் நாம் இருவரும் ஜோசியம்தான் பார்த்திருக்க வேண்டும். நூலகத்தில் பல நல்ல சுவடிகள் அந்த நிலையில்தான் காலம் தெரியாமல் கிடக்கின்றன.

அடுத்து கோட்டை. மதில், அகழி எதுவும் இல்லை ஐயா. உங்கள் பக்கத்தில் கோட்டை என்பது நெல் அளவு, இருபத்தொரு மரக்கால் கொண்டது. அந்த அளவு நெல்லை விதைக்கும் நிலத்தையும் கோட்டை என்றே சொல்வார்கள். ‘பன்னிரண்டு கோட்டை விதைப்பாடு’ என்று அடுத்த சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது நிலக் கணக்கு. சகோதரர் பெயர்கள் வரிசையாக வந்தால் பாகம் பிரித்த முறி, அதாவது பத்திரம். பாளையக்காரர் வம்சாவளி வேறு மாதிரி போகும். எந்த ராஜா எந்தப் புலியைக் கொன்றதற்காக எந்தப் பட்டம் கொடுத்தார் என்று தொடங்கும். கும்பினியாரிடம் உரிமை கேட்க எழுதிக் கொடுத்தவை அல்லவா, புலி இல்லாமல் எப்படி? ‘பாளையப்பட்டுகளின் வம்சாவளி’ என்றே சுவடி நூலகம் அவற்றை அச்சிட்டிருக்கிறது.

வருத்தப்படாதீர்கள். புலி கொன்ற ஏடுகள் ஏராளம் இருக்கின்றன. 1889இல் உங்கள் ஊரில் எந்த வயல் யாருக்கு, எந்தக் கால்வாயில் தண்ணீர் என்று சொல்லும் ஏடு உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது.

சேப்பாக்கத்துக்குப் போனேன். சுவடிகள் அங்கே இல்லை என்கிறார்கள்.
– வாசகி, ஐஸ் ஹவுஸ்

கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்குப் போய்விட்டன. உ. வே. சாமிநாதையர் சேர்த்தவை வேண்டுமென்றால் பெசன்ட் நகரில் அவர் பெயரில் 1943 முதல் நடக்கும் நூலகம். பழைய அச்சுப் புத்தகமும் பத்திரிகையும் என்றால் தரமணி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கீழ்த்திசை நூலகத்தில் சுவடி எண்ணுக்கு முன்னால் டி அல்லது ஆர் என்று ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் விளக்க அட்டவணையில் தேடுங்கள், ஆர் என்றால் மூவாண்டு அட்டவணையில். எழுத்தைக் குறிக்காமல் எண்ணை மட்டும் கொண்டுபோனால் பாதி நாள் போய்விடும்.

மாமியார் வைத்திருந்த ஏட்டுக்கட்டு பூச்சி அரித்துவிட்டது. ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடுவது வழக்கம் என்கிறார்கள். சென்னையில் எந்த ஆற்றில் விடுவது? அல்லது லேமினேட் செய்து வைக்கலாமா?
– இல்லத்தரசி, மயிலாப்பூர்

இரண்டும் வேண்டாம் அம்மா. ஆற்றில் விட்ட ஏடுகளை நினைத்து உ. வே. சா. காலத்திலேயே கண்ணீர் விட்டாயிற்று. அடையாற்றில் விட்டால் ஏட்டுக்கே அவமானம்.

லேமினேட் இன்னும் மோசம். ஒருவர் அறுபது ஏட்டைப் பளபளவென்று பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். சூட்டில் ஓலை பொரிந்து, எழுத்துக் கீறல் நசுங்கி, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. என்ன சொல்வது, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கயிறு இறுகியிருந்தால் இழுக்காதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது. ஏடு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கத்தியை நுழைக்காமல் அப்படியே வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். அதைப் பார்த்து வீட்டில் நல்லெண்ணெய் தடவினால் எறும்புக்கு விருந்து.

முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் மட்டும் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். எழுதியவர் பெயரும் வருஷமும் பெரும்பாலும் கடைசி ஏட்டில்தான் இருக்கும். ஃபிளாஷ் போடாதீர்கள். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி எடுங்கள். மை போயிருந்தாலும் கீறலின் நிழல் தெரியும், அது போதும் எனக்கு.