சப்ளையர் பில்லுக்கும் நம் சாப்ட்வேருக்கும் பைசா வித்தியாசம் வந்தால் ரவுண்ட் ஆஃபில் (பைசாவை முழு ரூபாயாக்கும்போது வரும் வித்தியாசத்தை எழுதும் கணக்கில்) தள்ளிவிடலாமா?

எல்லா வித்தியாசத்தையும் தள்ளிவிட முடியாது. அது எதோடு சேர்ந்து கூடுகிறது என்று முதலில் பாருங்கள்.

நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நான் அதிகம் பார்ப்பது ரேட்டில் வரும் வித்தியாசம். அல்வாக் கடைக்கு அட்டைப்பெட்டி வாங்குகிறார்கள். பெட்டிக்காரர் ஆயிரத்துக்கு 4,375 ரூபாய் என்று விலை சொல்வார். சாப்ட்வேரில் யூனிட் ஒற்றைப் பெட்டியாக இருக்கும். அப்படியானால் ரேட் 4.375. இரண்டு தசமம்தான் ஏற்கும் என்றால் அது 4.38 ஆகிவிடும். 20,000 பெட்டிக்கு அவர் பில் 87,500, நம் திரையில் 87,600. வரி சேர்க்கும் முன்பே நூறு ரூபாய் இடிக்கிறது. இதை ரவுண்ட் ஆஃபில் போட்டால் ஸ்டாக் மதிப்பு நூறு ரூபாய் கூடிவிடும், வராத நூறு ரூபாய் வரவாகவும் ஏறிவிடும்.

தசமத்தைக் கூட்டி வைத்தால் இந்தப் பெட்டிக்குச் சரியாகும். ஆனால் 144 உருப்படி கொண்ட ஒரு குரோஸ் 1,000 ரூபாய் என்றால் ஒன்றின் விலை 6.9444 என்று போய்க்கொண்டே இருக்கும், எத்தனை தசமம் வைத்தாலும் முடியாது. அதனால் சப்ளையர் எந்த அளவில் விலை சொல்கிறாரோ அதே அளவை யூனிட்டாக்குங்கள். டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் இதற்குக் காம்பவுண்ட் யூனிட் (ஒரு குரோஸ் = 144 உருப்படி என்பதுபோல் இரண்டு அளவை இணைப்பது) இருக்கிறது. இல்லையென்றால் எண்ணிக்கையையும் தொகையையும் அடியுங்கள், ரேட்டை அதுவே வகுத்துக்கொள்ளும். நாம் கொடுக்க வேண்டியது பில்லில் உள்ள தொகை. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஜிஎஸ்டி வரி. 5 சதவீதச் சரக்கு, பில்லில் தலா 45.50 ரூபாயில் பத்து ஐட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த 5 சதவீதம் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) என்று பாதிப் பாதியாகப் பிரியும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் 2.5 சதவீதம் 1.1375, அதை 1.14 ஆக்கினால் பத்துக்கு 11.40. மொத்தம் 455-க்கு ஒரே தடவையாகப் போட்டால் 11.38. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டிலும் சேர்த்து நாலு பைசா வித்தியாசம். இரண்டு பேர் கணக்கும் சரிதான், முழுமையாக்கிய இடம்தான் வேறு. பர்ச்சேஸ் என்ட்ரியில் சப்ளையர் பில்லில் உள்ள வரியையே போடுங்கள். நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளப் பார்க்கும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அவர் ஏற்றிய தொகைதான் வரும்.

“எட்டணாவுக்கு எதுக்குத் தம்பி இந்த மல்லுக்கட்டு?” என்று கடை அண்ணாச்சிமார் கேட்பார்கள். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது உண்மைதான். ஆனால் பில்லில் பைசா இன்னும் இருக்கிறதே! சிஜிஎஸ்டி சட்டம் 170-ஆம் பிரிவு 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்கிறது. அது வரி, வட்டி, அபராதம் போன்ற தொகைகளுக்கு. சரக்கு ரேட்டை வெட்டுவதற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

பில்லின் கடைசி மொத்தத்தை முழு ரூபாயாக்கும்போது ஒரு ரூபாய்க்குள் வருவது மட்டும் ரவுண்ட் ஆஃப் லெட்ஜருக்குப் போகட்டும். மாதக் கடைசியில் அந்த லெட்ஜரைத் திறந்து பாருங்கள். பற்றும் வரவும் கலந்து பெரும்பாலும் கழிந்துபோக வேண்டும். ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு ஐட்டத்தின் ரேட் வெட்டுப்படுகிறது. பெரிய எண்ணிக்கையில் வாங்கும் சரக்கிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.